கீழ்வரிசை அட்டை

டிசம்பர் இரண்டாம் வாரம், திங்கட்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு மாரம்மாவின் வேலை போயிற்று. போயிற்று என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அட்டையைக் காணோம், அவ்வளவுதான்.

ஓசூர் சிப்காட்டில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனி அது. கேட்டைத் தாண்டியதும் செக்யூரிட்டி அறைச் சுவரில் நீலப் பெயிண்ட் அடித்த ஒரு தகர ரேக் மாட்டியிருக்கும். அதில் வரிசை வரிசையாக இருநூறு அட்டைகள். தன் அட்டையை உருவி, பக்கத்து மெஷினின் வாயில் கொடுத்து, அது நேரத்தைக் குத்திய பிறகு திரும்பச் செருகிவிட்டு உள்ளே போக வேண்டும். சானமாவுப் பக்கத்து ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, நாலு வருடமாகத் தினமும் அவள் செய்த முதல் வேலை அதுதான். அன்று அவள் கை போன இடத்தில் வெறும் தகரம் இருந்தது.

"கார்டு இல்லன்னா உள்ள உட வேணான்னு சொல்லிக்கிறாங்க, ஜோதி," என்றான் செக்யூரிட்டி முனிசாமி. அவளைப் பார்க்காமல் வருகைப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான். "எதுக்கோசரம்னு என்னைக் கேக்காத. எனக்கே தெரியாது."

ஆறு மணிக்குள் கேட்டுக்கு வெளியே பதினேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரு கடிதம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. வீட்டு வேலைக்கு வருகிறவளை நிறுத்தினால்கூட வாசலில் நின்று ரெண்டு திட்டாவது திட்டி அனுப்புவார்கள். அமெரிக்காவில் யாரோ வீட்டுக் கடனைக் கட்டாமல் விட்டார்களாம், அங்கே கார் விற்கவில்லையாம். அது சானமாவு வரை வந்து மாரம்மாவின் அட்டையை எடுத்துக்கொண்டு போனது என்று பின்னால் பேப்பர் படிக்கிறவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது தகர ரேக் மட்டும்தான்.

முனிசாமி அவளை ஜோதி என்று கூப்பிட்டதை இங்கேயே சொல்லித் தீர்த்துவிட வேண்டும். கம்பெனிக்கு அவள் ஜோதிமணி. ஊருக்கும் வீட்டுக்கும் மாரம்மா. நாலு வருடம் முன்பு ஆள் பிடிக்க ஊருக்கு வந்த ஏஜெண்ட் வெங்கடப்பன், பத்தாவது பாஸ் செய்தவர்கள் மட்டும் போதும் என்றான். மாரம்மா எட்டாவதோடு நின்றவள். தங்கை ஜோதிமணிதான் பத்தாவது தேறியவள். தேறின கையோடு காவேரிப்பட்டினத்தில் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். "உங்க ஊட்ல யாருதாச்சும் சர்ட்டிபிகேட் இருந்தா கொண்டா. மூஞ்சிய யாரு பாக்கறாங்க," என்றான் வெங்கடப்பன். அவளை மட்டும் அப்படிச் சேர்க்கவில்லை. ஓசூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அக்கா பெயரில் தங்கையும், அண்ணி பெயரில் நாத்தனாரும் அந்தக் காலத்தில் ஷிப்டுக்குப் போய் வந்தார்கள். ஏஜெண்டுக்குத் தெரியும், ஆபீசுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருந்தது அவர்களுடைய பெருந்தன்மை என்று அவள் நினைத்திருந்தாள். கேட்க வேண்டிய நாளுக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றவில்லை.

வேலை போன முதல் வாரம் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய வாசலையே திரும்பக் கூட்டினாள். துவைத்துக் காய்ந்த துணியை மறுபடி நனைத்தாள். நாலே காலுக்குத் தானாக விழித்துக்கொண்டு, போகாத பஸ்ஸுக்குத் தலை வாரினாள். ரோஜாத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைக்குப் போய் வந்த அவள் புருஷன் திம்மராயன், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தான்.

"செத்த உக்காருடி. காலு தரையில பாவ மாட்டேங்குது உனுக்கு. கம்பெனி போனா போவுது, தோட்டத்துல பூ பறிக்க ஆளு கேக்கறாங்க."

"நான் என்னா தப்பு பண்ணேன்னு சொன்னா பூ பறிக்கப் போறேன்."

அதுதான் அவளை அரித்துத் தின்றது. வேலை போனது ஒரு பக்கம் இருக்கட்டும், ஏன் போனது? நாலு வருடத்தையும் கொட்டிப் புடைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் தாமதமாகப் போயிருக்கிறாள். இரண்டு நாளும் ரோட்டில் காட்டு யானை நின்றது, பஸ்ஸில் இருந்த எல்லோரும்தான் தாமதம். ஒருமுறை மஞ்சள் வயர் போக வேண்டிய இடத்தில் மஞ்சளில் பச்சைக் கோடு போட்டதைச் செருகி, தானே கண்டுபிடித்துத் தானே மாற்றினாள். பாத்ரூம் போக டோக்கன் முறை கொண்டுவந்தபோது, "இதுக்குமா டோக்கனு?" என்று சத்தமாகக் கேட்டுப் பக்கத்தில் நின்றவர்களைச் சிரிக்க வைத்தாள். அதுவா? வயரை விரித்துக் கட்டும் பலகைக்குப் போர்டு என்று பெயர். கணக்குப்படி அவள் போர்டில்தான் ஒரு மாதத்தில் பழுதென்று மிகக் குறைவாகத் திரும்பி வரும். இருபத்தேழு நிமிடத்தில் ஒரு காருக்கான வயரைக் கட்டி முடிப்பாள். சூப்பர்வைசர் புது ஆட்களைக் கூட்டிவந்து அவள் விரல்களைப் பார்க்கச் சொல்வார். அந்த விரல்கள் இப்போது பாவாடை நாடாவை முறுக்கிக்கொண்டு கிடந்தன.

எட்டாம் நாள் அவள் பஸ் ஏறிக் கேட்டுக்குப் போய் நின்றாள். முதல் ஷிப்டு உள்ளே போகும் நேரம். "எச்.ஆர். சாரைப் பாக்கணும்" என்றாள். பார்க்க முடியாது என்றார்கள். மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். கலாட்டா செய்யவில்லை, கொடி பிடிக்கவில்லை. புளியமரத்தடியில் நின்று, எச்.ஆர். கௌதம் சாருடைய வெள்ளைக் கார் உள்ளே போகும்போது குனிந்து கண்ணாடிக்குள் பார்ப்பாள். பிறகு திரும்பி வருவாள். திம்மராயன் தலையில் அடித்துக்கொண்டான்.

மாடசாமி அங்கேதான் அவளைப் பிடித்தான். அவனும் பதினேழில் ஒருவன். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், மத்திகிரியில் ஒற்றை அறையில் மனைவி ராஜலட்சுமியோடும் எட்டு மாதக் குழந்தையோடும் குடியிருந்தான். லைனில் அவளுக்கு அடுத்த போர்டு அவனுடையது.

"ஜோதிக்கா, நீங்க இப்படி ஒத்தையில நின்னா வாட்ச்மேன்கூடத் திரும்பிப் பாக்க மாட்டான். நாம சேந்து எழுதிக் குடுப்போம். கிருஷ்ணகிரில லேபர் ஆபீஸ் இருக்குல்லா. காரணம் சொல்லாம நிறுத்த முடியாதுக்கா, சட்டம்னு ஒண்ணு கெடக்கு."

"காரணத்த சொல்லுவாங்களா?"

"சொல்லித்தான ஆவணும்."

அந்த ஒரு சொல்லுக்காக அவள் மனுவில் முதல் கையெழுத்தைப் போட்டாள். பூ. ஜோதிமணி. நாலு வருடப் பழக்கத்தில் தங்கையின் பெயர் அவள் கையிலிருந்து தங்கை எழுதுவதைவிட அழகாக வந்தது. பூ என்று அப்பாவின் தலைப்பெழுத்தாவது இருவருக்கும் பொது. அன்று சாயங்காலம் கடையிலிருந்து தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னபோது, அவள், "எங்க ஊட்ல இவருக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. என்னைய இதுல இழுத்து உட்றாத," என்றாள். மாடசாமியிடம் இதைச் சொல்லலாமா என்று நாலைந்து தடவை வாயெடுத்து, மென்று விழுங்கினாள்.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு விசாரணை என்று தாள் வந்தது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, அவள் வழக்கம்போலப் புளியமரத்தடியில் நின்றபோது வெள்ளைக் கார் நின்றது. முனிசாமி ஓடிவந்து, "சார் கூப்பிடறாரு, வா," என்றான்.

செக்யூரிட்டி அறையில் கௌதம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். பெங்களூரில் படித்து வளர்ந்தவர், கண்ணுக்குக் கீழே கருவளையம். அவளையும் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"ஏன் சார் என்னை நிறுத்தனீங்க?"

"அதுக்காகவா டெய்லி வந்து நிக்கறீங்க?"

"ஆமா."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பொய் சொல்லத்தான் நினைத்திருப்பார், சோர்வில் உண்மை வந்துவிட்டது போலும். "ஜோதி, உங்க மேல ஒரு கம்ப்ளெயின்டும் இல்ல. யார் மேலயும் இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மேலேர்ந்து போன். பதினஞ்சு, இருபது பேரைக் குறைங்க, காலைல ஷிப்டுக்கு முன்னாடி. லிஸ்ட் போட டைம் இல்ல. யாரைப் போட்டாலும் யாராவது வந்து கேப்பாங்க. கீழ் வரிசைல பதினேழு கார்டு இருந்துது. அதை எடுத்துட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. ரேக்கைப் பார்த்தாள். கடைசி வரிசை இன்னும் காலியாக இருந்தது.

"எங்க கார்டு எப்பிடி சார் கீழ வந்துது? நான் பழைய ஆளு."

முனிசாமி தொண்டையைச் செருமினான். ஆயுத பூஜைக்கு ரேக்கைத் துடைத்துப் பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, அட்டைகளைத் திரும்பச் செருகியது அவன்தான். கைக்கு வந்தபடி செருகினான். வரிசைப்படி செருகு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

கௌதம் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஜோதிமணி இல்லன்னு எனக்குத் தெரியும். வெங்கடப்பன் எப்பவோ சொல்லிட்டார். அது வெளில வந்தா உங்களுக்கும் பிரச்சனை, உங்க தங்கச்சிக்கும் பிரச்சனை. எங்களுக்கும்தான். ஆடிட்டுக்கு வெளிநாட்டுலேர்ந்து வர்றாங்க. நீங்க போனதுலேர்ந்து அந்த போர்டுல ரிஜெக்‌ஷன் ஏறிப்போச்சு. செவ்வாய்க்கிழமை அங்க வந்து, இதைத் தொடர விரும்பலைன்னு மட்டும் சொல்லிடுங்க. புதன்கிழமை காலைல ஷிப்டுக்கு வாங்க."

"மத்தவங்க?"

"உங்களைப் பத்தி மட்டும்தான் நான் பேச முடியும்."

அவள் ரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரிங் சார்," என்றாள்.

வெளியே வந்ததும் முதலில் ஒரு நிம்மதி. தப்பு ஒன்றும் செய்யவில்லை. அந்த நிம்மதி பஸ் ஸ்டாப் வரைகூட வரவில்லை. தப்புச் செய்து வேலை போயிருந்தால் இனிமேல் செய்யாமல் இருக்கலாம். முனிசாமி அட்டை செருகின கையை அவள் என்ன செய்து திருத்துவது? இரண்டு மாதம் தூக்கத்தைத் தொலைத்துத் தன்னிடமே குற்றம் தேடியிருக்கிறாள். அந்த மனிதருக்கோ குனிந்து எடுக்கக் கீழ் வரிசை வசதியாக இருந்திருக்கிறது. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. ஆனாலும் சரி என்றது சரிதான். வேலை வேண்டும். திம்மராயனிடம் சொன்னபோது அவன், "இப்பதான் புத்தியா ஒரு காரியம் பண்ணிக்கிற," என்று சந்தோஷப்பட்டுக் கோழி அடிக்கலாம் என்றான். வேலை இல்லாதபோது இல்லாத ஒரு புதுத் தவிப்பு, வேலை கிடைத்ததும் வந்து ஒட்டிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை பதினேழு பேரும் ஒன்றாகக் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினார்கள். மாடசாமி பெரிய தூக்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். "ராஜி குடுத்துவிட்டா. ஜோதிக்காதான் எல்லாத்துக்கும் மொதல்ல நின்னாங்க, அவங்களுக்கு மொதல்ல குடுங்கன்னு சொன்னா." புளிசோறு. வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினான். மாரம்மா ஒரு வாய் வைத்தாள். மீதியை இலையோடு மடித்து வைத்துக்கொண்டாள். இவனிடம் இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சூளகிரி போனது, குருபரப்பள்ளி போனது, அவள் சொல்லவில்லை.

தொழிலாளர் அலுவலகம் ஒரு மாடி வீட்டின் மேல்தளம். அலுவலர் ஓர் அம்மா. கனத்த கண்ணாடி, சளிப் பிடித்த குரல். மேசைக்கு ஒரு பக்கம் கௌதமும் வெங்கடப்பனும் உட்கார்ந்தார்கள். பதினேழு பேரும் சுவரோரம் நின்றார்கள்.

"எதுக்கு நிறுத்தினீங்க?" என்று அலுவலர் கேட்டார்.

"நாங்க யாரையும் நிறுத்தலை மேடம். அவங்களா ரிசைன் பண்ணிட்டாங்க." கௌதம் ஒரு கட்டுத் தாளை மேசைமேல் வைத்தார். பதினேழு ராஜினாமாக் கடிதங்கள். எல்லாம் ஒரே மாதிரி டைப் அடித்தவை, எல்லாவற்றிலும் டிசம்பர் தேதி. எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே 'சொந்தக் காரணம்' வந்திருந்தது.

சுவரோரம் ஒரு முனகல் எழுந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று வெங்கடப்பன் எல்லாரிடமும் வெள்ளைத்தாளில் அடியில் ஒரு கையெழுத்து வாங்குவான். எதற்கு என்று கேட்டால் "பார்மாலிட்டி" என்பான். ஓசூரில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அது மருத்துவப் பரிசோதனை மாதிரி, எல்லாரும் செய்கிற ஒன்று. மூலையில் பென்சிலால் அவரவர் அட்டை நம்பரைப் போட்டு உள்ளே வைத்துக்கொள்வார்கள். அந்தத் தாளுக்கு இப்போது மேல்பாதி முளைத்திருந்தது.

அலுவலர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "இது உங்க கையெழுத்தா?"

"என் கையெழுத்துதான் மேடம். ஆனா சேந்தப்ப வெறும் பேப்பர்ல வாங்குனது," என்றார் முதல் ஆள்.

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

ஆதாரம் எங்கே இருக்கும்? வெறும் தாளில் போட்டேன் என்பதற்கு வெறும் தாளா சாட்சி சொல்லும்? இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று அதே கேள்வியும் அதே பதிலும் போய்க்கொண்டிருந்தன. மாடசாமி முறை வந்தபோது அவன் குரல் உயர்ந்தது. "மேடம், பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு எவனாச்சும் ஒரே நாளுல பதினேழு பேரு சேந்து வேலைய விடுவானா? நீங்களே சொல்லுங்க." அலுவலருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. "எனக்குத் தோணறதை எழுத முடியாது தம்பி. கையெழுத்து உங்களுதுன்னு நீங்களே சொல்றீங்க," என்றார். அவன் திரும்பி வந்து சுவரில் சாய்ந்தபோது, முகம் ரத்தம் வற்றியிருந்தது.

"ஜோதிமணி."

அவள் போனாள். கௌதம் அவளை நிமிர்ந்து பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவள் இரவு முழுக்க மனப்பாடம் செய்திருந்தாள். இதைத் தொடர விரும்பவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தவள், மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தாள்.

டைப் அடித்த எழுத்தில் 'பூ. ஜோதிமணி ஆகிய நான்' என்று இருந்தது. கீழே நடுங்கின கையால் ஒரு கையெழுத்து. பூ. மாரம்மா.

அவளுக்கு அந்தக் காலைப்பொழுது அப்படியே திரும்பி வந்தது. முதல் நாள். வெங்கடப்பன் தாளை நீட்டி, "சீக்கிரம் போடு," என்றான். அப்போது அவளுக்குத் தங்கையின் பெயர் இன்னும் பழகவில்லை. பயத்தில் கை தன் பெயரையே எழுதிவிட்டது. எழுதின பிறகுகூட அவளுக்கு உறைக்கவில்லை. மறுநாளிலிருந்து நாலு வருடம், ஒரு தாளில்கூட அவள் தவறவில்லை. வாங்கி வைத்தவர்களும் பார்க்கவில்லை. டைப் அடித்தவன் பென்சில் நம்பரைப் பார்த்துப் பெயர் போட்டிருக்கிறான். கௌதமுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

பேசாமல் இருந்துவிடலாம். அலுவலர் அம்மாவும் இன்னும் கவனிக்கவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு மெஷின் 'டக்' என்று குத்தும். அவள் போர்டு, அவள் வயர், அவள் நாற்காலி. ஆசை அவளைப் பிடித்து இழுத்தது. அந்த நேரத்தில் அவள் அந்த வேலையை விரும்பினது போல எதையும் விரும்பியிருக்க மாட்டாள். பின்னால் மாடசாமி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அலுவலர், "இது உங்க கையெழுத்தாம்மா?" என்றார்.

"என் கையெழுத்துதான் மேடம்," என்றாள். குரல் தனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னாள். "ஆனா அது ஜோதிமணின்னு இல்ல. படிச்சுப் பாருங்க."

அலுவலர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். தாளைக் கௌதமிடம் தள்ளி, "படிங்க," என்றார். கௌதம் தாளை வெங்கடப்பனிடம் தள்ளினார். வெங்கடப்பன் எழுத்துக் கூட்டினான். "மா... ரம்..." அத்தோடு நிறுத்திவிட்டான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

மாரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். சர்ட்டிபிகேட், தங்கை, முதல் நாள் நடுக்கம். "சம்பளச் சீட்டெல்லாம் எடுத்துப் பாருங்க மேடம். நாலு வருசமா ஜோதிமணின்னுதான் போட்டுக்கிறேன். போன டிசம்பர்ல நான் ராஜினாமா எழுதியிருந்தா அதுலயும் ஜோதிமணின்னுதான் போட்டிருப்பேன். இந்தப் பேரு மொத நாளு மட்டுந்தான் போட்டேன். அப்ப இந்தப் பேப்பரு மொத நாளு பேப்பரு." சுவரோரம் நின்றவர்களைக் கைகாட்டினாள். "எல்லாருதும் அப்பிடித்தான்."

கம்பெனிக் கோப்பிலிருந்து சம்பளச் சீட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் அழகான ஜோதிமணி. அலுவலர் பதினேழு கடிதங்களையும் சேர்த்துத் தன் பக்கம் இழுத்து, மேலே ஒரு பேப்பர்வெயிட்டை வைத்தார். "இதை நான் மேலே அனுப்பட்டுமா, இல்ல நீங்க யாருகிட்டயாவது பேசறீங்களா?" என்று கௌதமிடம் கேட்டார். கௌதம் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். எடுத்துக்கொள்கிறோம் என்றார். திங்கட்கிழமையிலிருந்து, பழைய சர்வீசோடு. சுவரோரம் நின்ற யாரோ ஒரு பெண் அழுதுவிட்டாள். குமாஸ்தா ஒப்பந்தம் டைப் அடிக்க உட்கார்ந்தார். பெயர்களைக் கேட்டு எழுதினார். பதினாறு பெயர்கள்.

"மேடம், எம்பேரு?" என்றாள் மாரம்மா.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு வருத்தம்தான், அது தெரிந்தது. "ஜோதிமணி அங்க வேலை செய்யலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. மாரம்மாவை அவங்க வேலைக்கே எடுக்கலை. எடுக்காத ஆளை நிறுத்தினாங்கன்னு நான் எப்படிம்மா எழுதறது? கோர்ட்டுக்குப் போகலாம். போனா வருஷக்கணக்குல ஆகும். உங்க தங்கச்சியும் வரணும்."

தங்கையும் வரணும். மாரம்மா தலையாட்டினாள்.

ஒப்பந்தத்தை முதலில் மாடசாமியிடம் நீட்டினார்கள். அவன் பேனாவை வாங்கினான். பதினேழு பேரையும் எடுத்தால்தான் போடுவேன் என்று சொல்வான் என அவள் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தாள் என்பதை ஒளிக்க வேண்டாம். நாலு வருடம் பக்கத்துப் போர்டு. அவன் தாளைப் பார்த்தான், பேனா முனையைப் பார்த்தான், அவள் நின்ற பக்கம் மட்டும் பார்க்கவில்லை. குனிந்து போட்டான். மற்ற பதினைந்து பேரும் போட்டார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிலையத்தில் அவன் அவளிடம் வந்தான். தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான்.

"எங்களுக்காகப் பண்ணிட்டீங்க, அக்கா. நான்... வீட்ல அரிசி இல்லக்கா. புள்ளைக்கு..."

"போட்டது தப்பில்ல," என்றாள். "போன வியாழக்கெழம கௌதம் என்னைய கூப்ட்டாரு. உங்களையெல்லாம் உட்டுட்டு நான் மட்டும் வரேன்னு சரின்னுட்டேன். இன்னிக்கு மேடத்துக்கிட்ட வாபஸ்னு சொல்லத்தான் வந்தேன். புளிசோறு தின்னும்போதும் அதான் மனசுல."

மாடசாமி அவளை வெறித்துப் பார்த்தான். "அப்பொறம் ஏம்க்கா சொல்லல?"

"தெரியல. என் பேர அதுல பாத்துட்டேன். அப்பறம் பொய்யி வரல." அவள் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. "உங்களுக்கோசரம் பண்ணேன்னு ஊர்ல சொல்லாத. நான் அவ்ளோ நல்லவ இல்ல. எனக்கு அந்த வேல வேணும், மாடசாமி. அந்த வேல எனக்கு நல்லா வந்துது."

அவன் தூக்கைக் கீழே வைத்து, மறுபடி எடுத்துக்கொண்டான்.

ஓசூர் பஸ் வந்தது. முந்தி ஏறியவர்களுக்கு இடம் கிடைத்தது, மாடசாமிக்கு ஜன்னலோரம். மாரம்மா கடைசியில் ஏறியதைப் பார்த்ததும் அவன் எழுந்து, "உக்காருங்கக்கா," என்றான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள். அவனும் திரும்ப உட்காரவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து தன் இடத்தைக் காட்டினாள். அதற்கும் வேண்டாம் என்றாள். கண்டக்டர், "உக்காருமா, இடம் இருக்குதுல்ல," என்று சலித்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்தார். குருபரப்பள்ளி வரை, அதைத் தாண்டியும், அந்த ஜன்னலோர இடம் காலியாகவே வந்தது. பதினாறு பேரும் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

சூளகிரியில் ஒரு பெரியவர் கொத்தமல்லி மூட்டையோடு ஏறினார். காலியாக இருந்த இடத்தைக் கண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இங்க யாருனா வர்றாங்களா?" என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.